கணிப்பொறிக்குப் பேச்சுக் கற்றுக்கொடுத்த கிரேஸ் ஹாப்பர்



நம் லேபில் ஒரு கம்ப்யூட்டரில் எழுதிய புரோகிராமைப் பென் டிரைவில் எடுத்துக்கொண்டு போய் இன்னொரு கம்ப்யூட்டரில் போட்டால் ஓடுகிறது. இதில் என்ன அதிசயம் என்று கேட்பீர்கள். சுமார் 70 வருடங்களுக்கு முன்னால் இது நடக்காத காரியம். ஒரு இயந்திரத்துக்காக எழுதிய புரோகிராம் அந்த இயந்திரத்தோடு சரி. இயந்திரம் பழசாகிவிட்டால் புரோகிராமையும் தூக்கிப் போட்டுவிட்டு, முதலிலிருந்து எழுத வேண்டியதுதான்.

இந்த நிலையை மாற்றப் பாடுபட்டவர்களில் முன்வரிசையில் நிற்பவர் ஒரு பெண்மணி. கணிதப் பேராசிரியை. அமெரிக்கக் கப்பற்படையின் அட்மிரல். பெயர் கிரேஸ் ஹாப்பர். கம்ப்யூட்டர் படிக்கிற எல்லோரும் பூச்சி கதையில் அவர் பெயரைக் கேட்டிருப்போம். ஆனால் பழைய சாஃப்ட்வேரைப் புதிய தளத்துக்கு மாற்றும் மைக்ரேஷன் வேலைக்கு அவர் வாழ்க்கையே ஒரு பாடப்புத்தகம் என்பது பலருக்குத் தெரியாது. நாளைக்கு நம்மில் எத்தனையோ பேர் அந்த வேலையைத்தான் செய்யப் போகிறோம். அதனால்தான் இந்தக் கட்டுரை.

கடிகாரம் பிரித்த சிறுமி

1906-ம் ஆண்டு டிசம்பர் 9-ம் தேதி நியூயார்க் நகரில் பிறந்தார் கிரேஸ். அப்பா இன்சூரன்ஸ் தொழில் செய்தவர். வசதியான குடும்பம். ஏழு வயதில் வீட்டில் இருந்த அலாரம் கடிகாரம் எப்படி வேலை செய்கிறது என்று பார்க்க அதைப் பிரித்தார். திரும்ப மாட்டத் தெரியவில்லை. அதைத் தெரிந்துகொள்ள அடுத்த கடிகாரத்தைப் பிரித்தார். இப்படி ஏழு கடிகாரங்கள்! அம்மா திட்டவில்லை, இனிமேல் ஒரு கடிகாரத்தை மட்டும் வைத்துக்கொள் என்று விட்டுவிட்டார். நம்ம வீடாக இருந்தால் முதல் கடிகாரத்திலேயே முதுகு பழுத்திருக்கும்.

அவருடைய அப்பாவுக்கு இரண்டு கால்களும் எடுக்கப்பட்டுவிட்டன. பெண் பிள்ளைகளும் படித்துத் தங்கள் காலில் நிற்க வேண்டும் என்பதில் அவர் உறுதியாக இருந்தார். வாசர் கல்லூரிக்குக் கிரேஸ் முதல் தடவை விண்ணப்பித்தபோது லத்தீன் தேர்வில் தேறவில்லை. அடுத்த ஆண்டு தேறிச் சேர்ந்தார். 1928-ல் பட்டம், 1930-ல் யேல் பல்கலைக்கழகத்தில் எம்.ஏ., 1934-ல் அங்கேயே கணிதத்தில் டாக்டர் பட்டம். படித்த வாசர் கல்லூரியிலேயே கணிதம் சொல்லிக்கொடுத்தார். அந்த வழியிலேயே போயிருந்தால் நல்ல வாத்தியார் என்ற பெயரோடு ரிடையர் ஆகியிருப்பார். இரண்டாம் உலகப்போர் வந்தது.

கப்பற்படையில் சேரப் போனார். வயது கூடுதல், எடை குறைவு என்றார்கள். இருக்க வேண்டிய எடையில் 15 பவுண்டு குறைவு. விடாமல் சிறப்பு அனுமதி வாங்கி 1943 டிசம்பரில் சேர்ந்தார். பயிற்சியில் முதலிடம். 1944 ஜூலையில் ஹார்வர்டு பல்கலைக்கழகத்துக்கு அனுப்பினார்கள்.

51 அடி நீளக் கம்ப்யூட்டர்

அங்கே இருந்தது மார்க்-1. ஐ.பி.எம். நிறுவனம் கட்டிக்கொடுத்த இயந்திரம். 51 அடி நீளம், 8 அடி உயரம். நம் கிளாஸ் ரூமுக்குள் அடங்காது. ஒரு விநாடிக்கு மூன்று கூட்டல் கணக்குப் போடும். ஒரு பெருக்கலுக்குச் சுமார் ஆறு விநாடி. இன்று நம் கையில் இருக்கும் மலிவு விலை கால்குலேட்டர் அதைவிட வேகம். ஆனால் அன்றைக்கு அதுதான் உலக அதிசயம். கட்டளைகளைக் காகித நாடாவில் துளை போட்டுக் கொடுக்க வேண்டும். பீரங்கிக் குண்டு எங்கே விழும் என்பது போன்ற போர்க்காலக் கணக்குகளை இரவு பகலாக அது போட்டது.

அந்தக் கம்ப்யூட்டருக்குப் புரோகிராம் எழுதிய மூன்றாவது ஆள் ஹாப்பர். அங்கே தலைமை வகித்த ஹோவர்டு ஐக்கன் அவரிடம் ஒரு வேலையைக் கொடுத்தார். இந்த இயந்திரத்தைப் பற்றி ஒரு புத்தகம் எழுத வேண்டும். ஹாப்பர் இதற்கு முன் புத்தகம் எழுதியதே இல்லை. எழுதினார். எந்தப் பாகம் என்ன செய்கிறது, எப்படி இயக்குவது, எப்படிப் புரோகிராம் எழுதுவது என்று 561 பக்கங்கள். 1946-ல் அச்சாகி வந்தது. நமக்கு ரெக்கார்டு நோட்டு எழுதவே கை வலிக்கிறது! இந்தப் புத்தகத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

பூச்சி கதையையும் சொல்லிவிடுகிறேன். 1947 செப்டம்பர் 9-ம் தேதி மார்க்-2 இயந்திரம் தகராறு செய்தது. திறந்து பார்த்தால் ரிலேக்குள் ஒரு விட்டில் பூச்சி. அதை எடுத்துப் பதிவேட்டில் ஒட்டி வைத்தார்கள். அது இன்றும் அமெரிக்காவில் ஸ்மித்சோனியன் காட்சிசாலையில் இருக்கிறது. கோளாறுக்கு 'பக்' என்ற பெயர் வந்ததே இதனால்தான் என்று பலர் எழுதுகிறார்கள். அது சரியில்லை. எடிசன் காலத்திலேயே என்ஜினியர்கள் அந்தச் சொல்லைப் பயன்படுத்தினார்கள். அதேபோல் பூச்சியைப் பிடித்ததும் ஹாப்பர் இல்லை. கூட வேலை செய்தவர்கள். அந்தக் கதையை ஊரெல்லாம் சொல்லிப் பரப்பியவர் அவர்.

புரோகிராம் எழுதும் புரோகிராம்

மார்க்-1-ல் வேலை செய்தவர்கள் ஆளுக்கொரு நோட்டு வைத்திருந்தார்கள். சைன் கணக்கு, வர்க்கமூலம் போன்றவற்றுக்கு ஏற்கெனவே சரிபார்த்த கட்டளைகள் அதில் இருக்கும். தேவைப்படும்போது நோட்டைப் பார்த்துக் காப்பி அடிப்பார்கள். காப்பி அடிப்பதில்தான் தப்பு வந்தது. ஒரு எழுத்தைத் தவறாகப் படித்தால் போச்சு, நாள் கணக்கில் தேட வேண்டும்.

1949-ல் ஹாப்பர் பிலடெல்பியாவில் எக்கர்ட்-மாக்லி கம்பெனியில் சேர்ந்தார். யூனிவாக் கம்ப்யூட்டரை உருவாக்கிய கம்பெனி அது. 1950-ல் ரெமிங்டன் ராண்டு கம்பெனி அதை வாங்கியது. அங்கே அவருக்கு ஒரு யோசனை. காப்பி அடிக்கும் வேலையை மனிதன் ஏன் செய்ய வேண்டும்? அதைக் கம்ப்யூட்டரிடமே கொடுத்தால் என்ன? சரிபார்த்த கட்டளைத் தொகுதிகளை டேப்பில் வைத்து ஒவ்வொன்றுக்கும் ஒரு எண் கொடுத்தார். எண்ணைச் சொன்னால் கம்ப்யூட்டரே அந்தத் தொகுதியை எடுத்து, இடம் பார்த்துப் பொருத்தி, முழுப் புரோகிராமாக்கும். 1952-ல் வந்த இதற்குப் பெயர் ஏ-0. கம்பைலர் என்ற பெயரை அவர் இதற்குத்தான் வைத்தார். இன்றைய கணக்கில் பார்த்தால் இது லிங்கர், லோடர் செய்கிற வேலை. ஆனால் கம்பைலர் என்ற பாதை இங்கேதான் தொடங்குகிறது.

யாரும் லேசில் நம்பவில்லை. கம்ப்யூட்டர் கணக்குத்தான் போடும், புரோகிராம் எழுதாது என்பது அன்றைக்குப் பெரியவர்களின் முடிவு. ஓடுகிற கம்பைலரைக் கண் முன்னால் வைத்த பிறகும் அவர்களைச் சம்மதிக்க வைக்க நீண்ட காலம் பிடித்தது.

அடுத்த படி இன்னும் பெரியது. கடைக்கணக்கு, சம்பளப் பட்டியல் பார்க்கிறவர்களுக்குக் கணிதக் குறிகள் பிடிக்காது, சொற்கள்தான் பிடிக்கும். அவர்கள் சாதாரண ஆங்கிலச் சொற்களில் எழுதுவதைக் கம்ப்யூட்டர் மொழிபெயர்த்துக்கொண்டால் என்ன? 1950-களின் பின்பாதியில் உருவான அந்த மொழியின் பெயர் ஃப்ளோ-மேட்டிக். மேலதிகாரிகளுக்குக் காட்டும்போது, கம்ப்யூட்டருக்கு எந்த மொழியும் ஒன்றுதான் என்று புரியவைக்க, ஆங்கிலச் சொற்களுக்குப் பதில் பிரெஞ்சு, ஜெர்மன் சொற்களைப் போட்டும் ஓட்டிக் காட்டினார். அதிகாரிகள் மிரண்டே போனார்கள். அமெரிக்கக் கம்ப்யூட்டருக்கு எப்படி வெளிநாட்டு மொழி புரியும் என்று குழப்பம்! பிறகு ஆங்கிலம் மட்டும்தான் என்று உறுதி கொடுத்து வேலையை நடத்தினார். தமிழ் மீடியத்தில் படித்துவிட்டு, டிப்ளமோவில் ஆங்கிலத்தைப் பார்த்துப் பயப்படுகிறவர்கள் இதை யோசித்துப் பார்க்க வேண்டும். கம்ப்யூட்டருக்குத் தாய்மொழி ஆங்கிலம் இல்லை.

ஒரே புரோகிராம், இரண்டு இயந்திரம்

ஃப்ளோ-மேட்டிக் யூனிவாக் இயந்திரத்துக்கு மட்டும்தான். ஐ.பி.எம்.முக்கு வேறு, ஆர்.சி.ஏ.வுக்கு வேறு. புது மாடல் வாங்கினால் பழைய புரோகிராம்களை எல்லாம் ஆட்கள் உட்கார்ந்து மாற்றி எழுத வேண்டும். அமெரிக்க ராணுவத்துறையில் எல்லாக் கம்பெனி இயந்திரமும் இருந்தது. அவர்களுக்குத்தான் இந்தத் தலைவலி அதிகம். 1959 மே மாதம் அவர்கள் ஆதரவில் கம்பெனிக்காரர்களும் வாடிக்கையாளர்களும் கூடி ஒரு குழு அமைத்தார்கள். எல்லா இயந்திரத்துக்கும் ஒரே வணிக மொழி வேண்டும் என்று முடிவானது. அப்படிப் பிறந்ததுதான் கோபால். நம்ம ஊரில் தெருவுக்கு ஒரு கோபால் இருப்பார். இவர் உலகத்துக்கே கணக்குப்பிள்ளை!

கோபாலை ஹாப்பர் தனியாக எழுதினார் என்று சொன்னால் தப்பு. பல கம்பெனிகளைச் சேர்ந்த ஒரு குழு எழுதியது. ஹாப்பர் ஆலோசகர். ஆனால் அதற்கு முக்கிய அடிப்படை அவருடைய ஃப்ளோ-மேட்டிக்தான்.

இதில் நாம் கவனிக்க வேண்டிய ஒரு விஷயம் இருக்கிறது. கோபால் புரோகிராமில் நான்கு பிரிவுகள் உண்டு. முதல் பிரிவில் புரோகிராமின் பெயர், விவரம். இரண்டாவதில் எந்த இயந்திரம், எந்தக் கருவி என்ற சூழ்நிலை விவரம். மூன்றாவதில் தகவல்களின் அமைப்பு. நான்காவதில் செய்ய வேண்டிய வேலை. இயந்திரத்தைப் பொறுத்த சமாசாரத்தைத் தனியாக இரண்டாவது பிரிவில் ஒதுக்கிவிட்டார்கள். இயந்திரம் மாறினால் பெரும்பாலும் அந்தப் பிரிவில் கை வைத்தால் போதும். சம்பளக் கணக்கின் விதியைத் தொட வேண்டாம். மைக்ரேஷன் என்ற வேலையின் ரகசியம் முழுதும் இதில் அடங்கியிருக்கிறது.

சொன்னால் போதுமா? 1960 டிசம்பரில் சோதித்துப் பார்த்தார்கள். ஒரே கோபால் புரோகிராமை யூனிவாக்-2 இயந்திரத்திலும் ஆர்.சி.ஏ. 501 இயந்திரத்திலும் ஓட்டினார்கள். கொஞ்ச மாற்றத்தோடு இரண்டிலும் ஓடியது. போட்டிக் கம்பெனிகளின் இயந்திரங்கள்! புரோகிராம் இயந்திரத்தின் பிடியிலிருந்து விடுபட்ட நாள் என்றே அதைச் சொல்லலாம்.

கப்பற்படை திரும்பக் கூப்பிட்டது

1966 கடைசியில் 60 வயதில் கப்பற்படை அவருக்கு ஓய்வு கொடுத்தது. ஏழே மாதம். 1967-ல் திரும்பக் கூப்பிட்டார்கள். என்ன விஷயம் என்றால், கோபால் வந்தும் பிரச்சினை தீரவில்லை. ஒவ்வொரு கம்பெனியும் தன் கோபாலில் தன் வசதிக்கு நாலு சொல்லைச் சேர்த்துவிட்டது. மதுரைத் தமிழ், நெல்லைத் தமிழ், கோவைத் தமிழ் மாதிரி ஆளுக்கொரு கோபால். மனுசனுக்கு மனுசன் சமாளித்துக்கொள்ளலாம், கம்ப்யூட்டர் சமாளிக்காது.

ஹாப்பர் என்ன செய்தார்? எது சரியான கோபால் என்று வாய்ச்சண்டை போடவில்லை. சோதனைப் புரோகிராம்களை எழுதவைத்தார். எந்தக் கம்பைலர் வந்தாலும் இந்தச் சோதனைகளை ஓட்டு, தேறினால் வாங்கு. 1968-ல் கோபாலுக்கு அமெரிக்காவின் தேசியத் தரம் வந்தது. கப்பற்படையில் அவர் குழு செய்த சோதனை வேலை அந்தத் தரத்தை ஏட்டிலிருந்து நடைமுறைக்குக் கொண்டுவந்தது.

ஆறு மாதத்துக்கு என்று கூப்பிட்டவரை, இடையில் ஒரு சிறு ஓய்வு தவிர, 1986 வரை விடவில்லை. அலுவலகத்தில் அவர் மாட்டியிருந்த கடிகாரம் பின்பக்கமாகச் சுற்றும். மணி சரியாகத்தான் காட்டும்! வழக்கம் என்பது வேறு, சரி என்பது வேறு என்று வருகிறவர்களுக்குப் புரியவைக்க அந்த ஏற்பாடு. கூட்டங்களில் பேசும்போது சுமார் 30 செ.மீ. நீளக் கம்பித் துண்டுகளைக் கொடுப்பார். ஒரு நானோ விநாடியில், அதாவது விநாடியில் நூறு கோடியில் ஒரு பங்கில், மின் சைகை அதிகபட்சம் போகக்கூடிய தூரம் அது. கண்ணுக்குத் தெரியாததைக் கையில் கொடுத்துவிடும் வாத்தியார் அவர். மேலும் மேலும் பெரிய கம்ப்யூட்டர் கட்டுவதைவிடப் பல சிறு கம்ப்யூட்டர்களை இணைப்பதே நல்லது என்றும் சொல்லிவந்தார். பாரம் கூடினால் இன்னொரு மாட்டைப் பூட்டுவோமே தவிர, மாட்டைப் பெரிதாக வளர்ப்போமா? வண்டி மாடு வைத்திருந்த நம் தாத்தாக்களுக்கு இது உடனே புரியும்.

1986 ஆகஸ்டில் ரியர் அட்மிரலாக ஓய்வு பெற்றபோது அவருக்கு 79 வயது. பணியிலிருந்த அதிகாரிகளில் அவரே மூத்தவர். அதற்குப் பிறகும் சும்மா இருக்கவில்லை. டிஜிட்டல் கம்பெனியில் ஆலோசகராக இருந்தார். 1992 ஜனவரி 1-ம் தேதி 85-வது வயதில் காலமானார். 1997-ல் அமெரிக்கப் போர்க்கப்பல் ஒன்று அவர் பெயரில் பணிக்கு வந்தது. 2016-ல் அந்நாட்டின் உயர்ந்த குடிமக்கள் விருது அவருக்கு மறைவுக்குப் பின் வழங்கப்பட்டது.

புதுசும் பழசாகும்

இங்கே ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். அவர் வளர்த்த கோபாலே பிற்காலத்தில் பழைய சுமை ஆகிவிட்டது. அந்தக் காலத்தில் நினைவகம் தங்கம் விலை. ஒரு பஞ்ச் கார்டில் 80 எழுத்துத்தான் கொள்ளும். அதனால் 1965 என்பதை 65 என்று இரண்டு இலக்கத்தில் எழுதிச் சிக்கனம் பிடித்தார்கள். 2000-ம் ஆண்டு வரும்போது 00 என்பது 1900-ஆ 2000-ஆ என்ற குழப்பம். ஒய்2கே என்று உலகமே பயந்த அந்தச் சிக்கலைச் சரிசெய்ய ஏராளமான வேலை இந்தியக் கம்பெனிகளுக்கு வந்தது. நம் நாட்டு சாஃப்ட்வேர் தொழில் பெரிதாக வளர்ந்ததற்கு அது ஒரு முக்கியக் காரணம். 2020 ஏப்ரலில், கொரோனா நேரத்தில், அமெரிக்காவில் நியூஜெர்சி மாநில ஆளுநர் கோபால் தெரிந்தவர்கள் உதவிக்கு வாருங்கள் என்று கேட்க வேண்டி வந்தது. வேலையிழந்தவர்களுக்குப் பணம் கொடுக்கும் கம்ப்யூட்டர் அமைப்பு அத்தனை பழசு.

நம் நாட்டிலும் இது பழைய கதைதான். 1978-ல் ஐ.பி.எம். இந்தியாவை விட்டு வெளியேறியது. அதன் இயந்திரங்களை நம்பியிருந்த அலுவலகங்கள் அப்படியே நின்றன. சி.எம்.சி. என்ற அரசு நிறுவனம்தான் அவற்றைப் பராமரிக்கும் பொறுப்பை ஏற்றது. கம்பெனி போய்விடும், இயந்திரம் தேய்ந்துவிடும். கணக்கு மட்டும் நிற்காமல் நடந்தாக வேண்டும்.

நம்ம ஊரில் இந்த வேலை

இப்போது மதுரைக்கு வருவோம். கீழமாசி வீதி மொத்தக் கடையோ, மேலூர்ப் பக்கத்து அரிசி ஆலையோ, கணக்கு சாஃப்ட்வேர் இல்லாத இடம் குறைவு. அதில் ஃபாக்ஸ்புரோவிலும் விஷுவல் பேசிக் 6-லும் எழுதியவை இன்னும் இருக்கின்றன. விஷுவல் பேசிக் 6 வந்தது 1998-ல். அதை எழுதும் கருவிக்கு மைக்ரோசாஃப்ட் 2008-ல் ஆதரவை நிறுத்தியது. விஷுவல் ஃபாக்ஸ்புரோவுக்கு 2015-ல் நிறுத்தியது. பழைய டாஸ் புரோகிராம் இன்றைய 64-பிட் விண்டோஸில் நேரடியாக ஓடாது. 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்தபோது பில் போடும் சாஃப்ட்வேர் எல்லாவற்றையும் மாற்ற வேண்டி வந்தது. எழுதிக்கொடுத்தவர் ஊரிலேயே இல்லை என்றால் முதலாளி என்ன செய்வார்?

அந்த வேலைக்கு நாம் போய் நின்றால், பழசைத் தூக்கிப் போடுங்கள் அண்ணாச்சி, புதுசா எழுதித் தருகிறேன் என்று சொல்லத்தான் வாய் வரும். அங்கேதான் ஆபத்து. சாக்கு எடையை எவ்வளவு கழிப்பது, பைசாவை எப்படி முழுமையாக்குவது, எந்த ஊர் வியாபாரிக்கு எத்தனை நாள் கடன் என்ற விதிகள் எல்லாம் அந்தப் பழைய புரோகிராமுக்குள்தான் இருக்கும். வேறெங்கும் எழுதி வைத்திருக்க மாட்டார்கள். வாடிக்கையாளர் பெயர்களைப் பழைய தமிழ் எழுத்துருவில் அடித்திருந்தால், யூனிகோடுக்கு மாற்றாமல் புதிய சாஃப்ட்வேரில் போட்டதும் அவை ஆங்கில எழுத்துக் குப்பையாகத் தெரியும். இருபது வருடக் கடன் நோட்டு ஒரே நாளில் படிக்க முடியாமல் போகும். நஷ்டம் முதலாளிக்கு மட்டும் இல்லை. பாக்கியைக் கட்டி முடித்தும் கட்டவில்லை என்று பெயர் வாங்கும் கிராமத்துக்காரருக்கும்தான்.

ஹாப்பர் வாழ்க்கையில் இதற்கு வழி இருக்கிறது. மார்க்-1-க்கு 561 பக்கம் எழுதினாரே, அதுபோல முதலில் பழையதைப் படித்து, அது என்னென்ன செய்கிறது என்று எழுதி வைக்க வேண்டும். இயந்திரத்துக்கும் திரைக்கும் சேர்ந்த பகுதியைத் தனியாகவும், வியாபார விதியைத் தனியாகவும் பிரிக்க வேண்டும். 1960 டிசம்பரில் செய்ததுபோல, ஒரே கணக்கைப் பழையதிலும் புதியதிலும் ஒரு மாதமாவது சேர்த்து ஓட்டி, பைசா சுத்தமாக ஒத்துப்போகிறதா என்று பார்க்க வேண்டும். ஒத்துப்போகாத இடத்தில் புதியதுதான் சரி என்று முடிவு கட்டக் கூடாது. சோதனைகளை எழுதி வைத்துவிட்டுப் போக வேண்டும், நமக்கு அடுத்து வருகிறவனுக்காக. ஏனென்றால் நாம் இன்று டாட்நெட்டிலும் ஜாவாவிலும் பைத்தானிலும் எழுதுவதும் ஒருநாள் பழசாகும். அதைப் பிரித்துப் பார்க்கப்போகிற பையனோ பொண்ணோ இன்னும் பிறந்திருக்கக்கூட மாட்டார்கள்.

நண்பர்களே! நம்மில் பலர் வீட்டில் முதல் ஆளாகப் படிக்க வந்தவர்கள். சந்தேகம் கேட்க வீட்டில் ஆள் கிடையாது. ஹாப்பர் நம்மைப் போல் கஷ்டப்பட்ட வீட்டுப் பிள்ளை இல்லை என்பது உண்மை. ஆனால் 1944-ல் அந்த 51 அடி இயந்திரத்தின் முன் நின்றபோது, அவருக்கும் படித்துப் பார்க்க ஒரு புத்தகம் இல்லை. அவரே அதை எழுதினார். அடுத்து வந்தவர்கள் அதைப் படித்தார்கள். நம் வீட்டில் அடுத்துப் படிக்கப்போகும் தம்பி தங்கைகளுக்கும், நம் புரோகிராமை நாளை திறக்கப்போகும் முகம் தெரியாத ஆளுக்கும் நாம் விட்டுச்செல்ல வேண்டியதும் அதுதான்: தெளிவாக எழுதி வைத்த வழி. இந்த விடுமுறையிலேயே ஆரம்பிக்கலாம். அவரவர் புராஜெக்டை எடுத்து, அது என்ன செய்கிறது என்று தமிழிலாவது இரண்டு பக்கம் எழுதிப் பாருங்கள்!